அறுபத்து நான்கு பைகள்

ஜூன் 3, திங்கள்

திட்ட அலுவலகத்தில் எங்கள் ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு டைரி கொடுத்தார்கள். எந்த ஊருக்குப் போனோம், எத்தனை பேரைப் பார்த்தோம், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று தினமும் எழுதி மாதக் கடைசியில் ஒப்படைக்க வேண்டும். ஸ்டோரில் இருந்தவர் கவனிக்காமல் எனக்கு இரண்டாக நீட்டிவிட்டார். நானும் வாயைத் திறக்கவில்லை. ஒன்று அவர்களுக்கு, இது எனக்கு.

வேலை இதுதான். மாவட்டத்துக்கென்று ஒரு மண்வள, நிலப் பயன்பாட்டுக் கொள்கை வரப்போகிறது. அதற்கு முன் ஊர் ஊராகப் போய் மக்களைக் கூட்டி அவர்கள் கருத்தைக் கேட்க வேண்டும். சென்னையிலிருந்து வந்திருக்கும் ஆலோசகர் பிரியம்வதா மேடம் இரண்டு மணி நேரம் வகுப்பெடுத்தார். விவசாயி என்று மட்டும் சொல்லக் கூடாதாம். ஆடு மேய்க்கிறவர், கண்மாய் மீன் குத்தகைக்காரர், கூலிக்குப் போகிற பெண்கள் எல்லாரும் சேர்ந்துதான் பங்குதாரர்கள் என்றார். எங்கள் ஊர் வெயிலில் அவர் முகம் சிவந்துபோயிருந்தது. சொன்னதை நம்பித்தான் சொன்னார் என்று எனக்குப் பட்டது.

மத்தியானம் அருள்தாஸ் சார் தனியாகக் கூப்பிட்டார். அவர்தான் எங்கள் மேலதிகாரி. பல வருடமாக ஒப்பந்தத்தில் இருக்கிறவர்களில் நான்கு பேரை நிரந்தரம் செய்யப் பட்டியல் போகிறது, இந்த வேலையை வில்லங்கம் இல்லாமல் முடித்தால் அதில் சந்தனம் என்ற என் பெயரும் இருக்கும் என்றார். நான் சேர்ந்து பதினான்கு வருடம் ஆகிறது. வீட்டுக்கு வந்து ஜெயக்கொடியிடம் சொன்னேன். அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

ஜூன் 6, வியாழன்

வரைவு வரைபடம் வந்துவிட்டது. சுவர் அளவு பெரியது. பச்சை என்றால் நல்ல மண். மடை பழுதுபார்ப்பார்கள், தொழு உரம், விதை எல்லாம் வரும். மஞ்சள் என்றால் பக்குவம் பார்த்தால் தேறும். சிவப்பு என்றால் மீட்க முடியாத உவர் நிலம். அதற்கு ஒன்றும் செய்ய மாட்டார்கள். அதுமட்டுமில்லை, அரசு ஒரு காலத்தில் பயிர் செய்யக் கொடுத்த நிபந்தனைப் பட்டா நிலமாக இருந்து அது சிவப்பில் விழுந்தால், பயிருக்கு ஆகாத நிலம் என்று திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எடுத்து சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடலாம்.

தாழங்காணிக் கண்மாய்க்குக் கிழக்கே அறுபத்து நான்கு நிலம். அறுபத்து நான்கும் நிபந்தனைப் பட்டா. அறுபத்து நான்கும் சிவப்பு.

நாலு வருடத்துக்கு முன்னால் எடுத்த மண் மாதிரிகளை வைத்துப் போட்ட படம். ஆய்வுக்கூடம் சொன்னால் சொன்னதுதான். இதில் நான் செய்ய ஒன்றுமில்லை.

மாலையில் மாவு அரைக்கப் போனேன். கரண்ட் இல்லை. அப்படியே தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

ஜூன் 11, செவ்வாய்

தாழங்காணி. பாசன சங்கத் தலைவர் பூவலிங்கம் வீட்டில் இறக்கினார்கள். மோர் கொடுத்தார், அப்புறம் கலர் சோடா கொடுத்தார், அப்புறம் டீ. மூன்றும் வயிற்றில் ஒன்றோடொன்று பேசவில்லை. கூட்டம் ஜூலை ஐந்தாம் தேதி, சமுதாயக் கூடத்தில் என்று முடிவானது. சோலார் வந்தால் ஊருக்கு நல்லதுதானே என்று இரண்டு தடவை கேட்டார். அவருடைய நிலம் கண்மாய்க்கு மேற்கே இருக்கிறது. அது பச்சை.

கிழக்கே நடந்து பார்க்கப் போனேன். சேதுராக்கு என்ற அம்மாள் தன் நிலத்தில் மிளகாய்க் கட்டைகளைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். வீட்டுக்காரர் இல்லை, மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஒன்றேகால் ஏக்கர், மாமனாருக்கு அரசு கொடுத்தது. முண்டு மிளகாயும், மழை பெய்தால் நெல்லும் போடுகிறார். போன மாசியில் காய்ந்த வற்றலைப் போட்டுவைக்க வீட்டில் இடமில்லாமல் கட்டிலைத் தூக்கி வெளியே போட்டதாகச் சொன்னார்.

நிறங்களை விளக்கினேன். சிவப்பைச் சொன்னதும் குச்சிகளைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

“எங் கொல்லையில எவனும் மம்பட்டி வச்சத நான் பாக்கலயே தம்பி. உப்புன்னு ஆரு சொன்னா?”

நாலு வருடத்துக்கு முன்னால் வந்து எடுத்தார்கள் என்றேன். அவர் குனிந்து ஒரு சிட்டிகை மண் எடுத்து நாக்கில் வைத்து, சப்பி, துப்பினார். இந்தப் பக்கத்தில் நிலம் வாங்குகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். நீயும் பார் என்றார். தண்ணீர் கொண்டுவரவில்லை என்று சொல்லித் தப்பித்தேன்.

ஜூன் 12, புதன்

எழுத ஒன்றுமில்லை. கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜூன் 15, சனி

பழைய அறையில் அந்த வருடத்து மாதிரிப் பதிவேட்டைத் தேடினேன். கரையான் தொடவில்லை. தொட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தாழங்காணி கிழக்கு, அறுபத்து நான்கு மாதிரி, இரண்டு நாள். மாதிரி எடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர்தான் இருக்கிறது. இருக்கத்தான் செய்யும், அந்த வட்டாரத்துக்கு அப்போது நான்தான். அது மே மாதம். எனக்கு அந்த வாரம் நல்ல காய்ச்சல் என்று நினைவு. இலக்கை முடிக்கச் சொல்லி விரட்டினார்கள். எல்லாரும் அப்படித்தான் எடுத்தோம்.

மண் பரிசோதனை முடிவு அச்சடித்த அட்டைகளை ஊரில் கொடுத்தபோது அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள். ஒருத்தராவது படித்துப் பார்த்து, ஏன் எல்லா அட்டையும் ஒரே மாதிரி இருக்கிறது என்று கேட்டிருக்கலாம்.

ஜூன் 19, புதன்

அருள்தாஸ் சாரிடம், தாழங்காணியில் மட்டும் மறுபடி மாதிரி எடுத்துப் பார்க்கலாமா என்று பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். அவர் கணினியைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

“மறுபடி எடுக்கணும்னா முதல்ல எடுத்தது தப்புன்னு ஒருத்தன் எழுத்துல குடுக்கணும். யாருப்பா குடுப்பா?”

அதற்குப் பிறகு என்னைப் பார்த்தார். பட்டியல் ஜூலை பதினைந்துக்குள் போய்விடும் என்று மட்டும் சொன்னார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுப்பெல்லாம் இல்லை, என் மேசைக்கு வந்து நாள்காட்டியில் ஜூலை பதினைந்தைப் பார்த்தேன்.

ஜூன் 24, திங்கள்

லீவு போட்டுவிட்டு தாழங்காணி போனேன். டிபன் பையில் துணிப்பைகள் இரண்டு, கையில் வாளி ஒன்று. மண்வெட்டியை சேதுராக்கு அக்காவிடமே வாங்கிக்கொண்டேன்.

முறை தெரியாதவனில்லை நான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதே நான்தான். வரப்பு ஓரம், மரத்தடி, எருக்குழிப் பக்கம் எடுக்கக் கூடாது. ஒரு நிலத்தில் பத்து இடத்தில் அரையடி ஆழத்துக்கு ஆப்பு மாதிரி வெட்டி, பக்கவாட்டில் சீவி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டைத் தள்ள வேண்டும். அரை கிலோ மிஞ்சும்வரை அப்படியே செய்ய வேண்டும். கோடையில் அந்தக் களிமண் பாறைபோலக் கிடக்கிறது. மண்வெட்டி பட்டால் தெறிக்கிறது. ஒரு குழிக்குக் கால் மணி நேரம் ஆனது. பத்தாவது குழி முடிந்தபோது உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். வந்தது ஏழரை மணிக்கு, முடிந்தது பதினொன்றுக்கு.

அக்கா வேப்ப நிழலில் உட்கார்ந்து முழுதும் பார்த்துக்கொண்டிருந்தார். நீச்சத்தண்ணி கொடுத்தார். நான் குடிக்கும்போது கேட்டார்.

“ஒரு கொல்லைக்கே இம்புட்டு நேரமாகுது. அறுவத்தி நாலு கொல்லைய ரெண்டு நாள்ல எப்பிடித் தம்பி தோண்டுனாக?”

நிறைய ஆட்கள் வந்திருப்பார்கள் என்றேன்.

“வந்திருந்தா ஊருக்குத் தெரியாமப் போகுமா,” என்றார். சொம்பை வாங்கிக் கழுவி வைத்தார்.

கிளம்பும் முன் அந்த மண்ணை நாக்கில் வைத்தேன். உப்பு இல்லை. கொஞ்சம்கூட இல்லை.

ஜூன் 27, வியாழன்

ஆய்வுக்கூடத்தில் தெரிந்த ஒருவர் தனியாகச் சோதித்துக் கொடுத்தார். உப்பின் அளவு மிகக் குறைவு. பச்சையில் போட வேண்டிய நிலம். அந்தத் தாளை இந்த டைரிக்குள் வைத்திருக்கிறேன்.

இதில் பொய் எழுதி யாரை ஏமாற்றப் போகிறேன். அந்த வாரம் எனக்குக் காய்ச்சல் இல்லை. மச்சான் வீட்டுக் குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டு. நாலு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் பந்திக்குப் போய்ச் சேர முடியும். காலையில் முதல் நிலத்தில் இரண்டு குழி வெட்டினேன், கை ஓய்ந்துவிட்டது. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில், பாலத்தை ஒட்டி, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு திட்டு கிடந்தது. கால் வைத்தாலே பொதபொதவென்று உள்ளே போனது. மண்வெட்டிகூட வேண்டாம், கையாலேயே அள்ளலாம். அங்கே உட்கார்ந்து அள்ளினேன். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று இடம் மாற்றி மாற்றி அறுபத்து நான்கு பை நிரப்பி, பட்டியலைப் பார்த்து அறுபத்து நான்கு பெயர் எழுதிக் கட்டினேன். இரண்டாம் நாள் ஊருக்கே போகவில்லை.

உப்பு ஏறிய மண்தான் அப்படி மேலே பொங்கிப் பொதபொதவென்று கிடக்கும். அது எனக்குத் தெரியும். அன்றைக்கும் தெரியும். அது எளிதாக வந்ததற்குக் காரணமே உப்புதான் என்று தெரிந்துகொண்டேதான் அள்ளினேன். அட்டையை எவன் பார்க்கப் போகிறான் என்று நினைத்தேன்.

கிடாக்கறி நன்றாக இருந்தது. எலும்பைக் கடித்துக்கொண்டு சிரித்துப் பேசினேன். அது நினைவு வருகிறது.

ஜூலை 2, செவ்வாய்

ஜெயக்கொடியிடம் சொல்லிவிட்டேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். திட்டவில்லை. பதினான்கு வருடமாக ஒவ்வொரு மார்ச்சிலும் ஒப்பந்தம் நீடிக்குமா என்று பயந்து பயந்து வாழ்ந்ததை எடுத்துச் சொன்னாள். அப்புறம், படம் இன்னும் வரைவுதானே, கருத்துக் கேட்கத்தானே கூட்டம் போடுகிறீர்கள், ஊர்க்காரர்களே எதிர்த்துச் சொன்னால் மாறிவிடாதா, நீங்கள் ஏன் உங்கள் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும் என்றாள்.

சரிதானே. கூட்டம் எதற்கு இருக்கிறது.

ஜூலை 5, வெள்ளி

கூட்டம் நடந்தது. எழுபத்தொன்பது பேர். வாசலில் மேசை போட்டு, முதலில் கையெழுத்து. கையெழுத்துப் போட்டவர்களுக்குத்தான் டோக்கன். டோக்கன் உள்ளவர்களுக்குத்தான் தக்காளி சாதமும் முட்டையும். தலைப்பு எதுவும் இல்லாத வெள்ளைத் தாள்கள். நடவடிக்கைக் குறிப்பைப் பிறகு எழுதி மேலே சேர்த்துக்கொள்வது எங்கள் வழக்கம். எழுதுகிறவன் நான்தான்.

மேடம் தரையில் கோலப்பொடியால் ஊரை வரையச் சொன்னார். பெண்கள் அழகாக வரைந்தார்கள். கண்மாய், நாலு மடை, சுடுகாடு, பஸ் நிறுத்தம், பாலத்தை ஒட்டிய உவர்த்திட்டு. அந்தத் திட்டை ஒரு கை அகலத்துக்குத்தான் போட்டார்கள். அப்புறம் வண்ணச் சீட்டுகளில் ஆளுக்கொரு கருத்து எழுதிப் பலகையில் ஒட்ட வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதிக் கொடுத்தேன். பஸ் இரண்டு நடை கூட வேண்டும். கழிப்பறைக்குத் தண்ணீர் வேண்டும். கருவேல மரத்தை வெட்ட வேண்டும். மூன்றாம் மடை உடைந்திருக்கிறது.

சேதுராக்கு அக்கா சீட்டு வாங்கவில்லை. ஒரு தூக்குப்போணியைத் திறந்து, மேடத்தின் முன்னால் வைத்தார். உள்ளே அவர் நிலத்து மண்.

“நாக்குல வச்சுப் பாருங்கம்மா. உப்புக் கரிச்சா நிலத்த எடுத்துக்கங்க. நான் பேசாம எந்திரிச்சுப் போறேன்.”

மேடம் போணியைக் கையில் வாங்கினார். யாரோ போட்டோ எடுத்தார்கள். மண்ணை நாக்கில் வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அருள்தாஸ் சாரைப் பார்த்தார். ஆய்வக முடிவு ஒருபுறம் இருக்கிறது, மக்கள் அறிவு ஒருபுறம் இருக்கிறது, இரண்டையும் நாங்கள் மதிக்கிறோம் என்று சார் சொன்னார். பூவலிங்கம் எழுந்து, படித்தவர்கள் மெஷின் வைத்துப் பார்த்ததை நாம் நக்கிப் பார்த்து மாற்ற முடியுமா என்று கேட்டார். மேற்குக்காரர்கள் சிரித்தார்கள். கிழக்குக்காரர்களில் பாதிப் பேர் கூலிக்குப் போய்விட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் வேறு எப்படி இருக்கும்.

அக்கா உட்காரவில்லை. அந்த மெஷினுக்கு மண் எடுத்த ஆள் இந்த ஜில்லாவில்தானே இருப்பான், அவன் வந்து எந்த இடத்தில் எடுத்தான் என்று கையைக் காட்டட்டும், அது போதும் என்றார். சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கூடத்தில் எல்லாரையும் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை.

நான் எழுதிக்கொண்டிருந்தேன். பேனாவை நிறுத்தவில்லை. எழுந்தால் நாலு எட்டு. ஒரு வாக்கியம். நான் எழவில்லை. இதற்கு மேல் இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் கோழை.

மேடம் அக்கா சொன்னதை ஒரு மஞ்சள் சீட்டில் தன் கையாலேயே எழுதி, பஸ் நடைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒட்டினார்.

ஜூலை 6, சனி

நடவடிக்கைக் குறிப்பை எழுதினேன். வாயால் சொல்லாததைக் கையாலாவது சொல்லிவிடலாம் என்று ஐந்தாவது பத்தியில் எழுதினேன்: ‘கிழக்கு நிலங்களின் மாதிரிகள் அந்தந்த நிலத்தில் எடுக்கப்பட்டவை அல்ல. மறு மாதிரி எடுப்பது அவசியம்.’ எடுத்தவர் யார் என்று எழுதவில்லை. இருந்தாலும் எழுதி முடித்தபோது எனக்கு மூச்சு இறங்கியது.

அருள்தாஸ் சார் நின்றுகொண்டே படித்தார். ஐந்தாவது பத்தி வந்ததும் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. எனக்கும் ஒரு பெண் கல்லூரியில் இருக்கிறாள், அந்த முடிவுகளில் மேலொப்பம் போட்டது நான் என்றார். பிறகு அந்தத் தாளை மட்டும் உருவி என்னிடமே கொடுத்தார். கையெழுத்துத் தாள்கள் தனியாகத்தானே இருக்கின்றன, அதற்கு ஒன்றும் ஆகாது என்றார்.

புதிய தாளில் எழுதினேன்: ‘மண் பரிசோதனை குறித்துப் பங்குதாரர்கள் எழுப்பிய ஐயங்களுக்கு விளக்கம் அளிக்கப்பட்டது. கூட்டம் வரைவை ஒருமனதாக ஏற்றது.’ கீழே எழுபத்தொன்பது கையெழுத்துகளைச் சேர்த்துத் தைத்தேன். பதினேழாவது கையெழுத்து சேதுராக்கு. ‘க்’ மேலே புள்ளி வைத்து, நிறுத்தி நிதானமாகப் போட்டிருந்தார்.

ஜூலை 16, செவ்வாய்

பட்டியல் போய்விட்டது. நான்காவது பெயர் என்னுடையது.

ஆகஸ்ட் 21, புதன்

நிரந்தர ஆணை வந்தது. இரண்டு வருடம் தகுதிகாண் பருவம். அதற்குள் ஒரு குற்றச்சாட்டு வந்தாலும் வீட்டுக்கு அனுப்பலாம். ஜெயக்கொடி தெரு முழுதும் கேசரி கொடுத்தாள். நான் சாப்பிடவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன்.

இதே வாரம் கொள்கையும் வெளியாகிவிட்டது. நல்ல வழவழப்பான புத்தகம். பன்னிரண்டாம் பக்கத்தில் சேதுராக்கு அக்கா தூக்குப்போணியை நீட்டுகிற படம். அடியில் ‘பெண் பங்குதாரர்களின் உற்சாகமான பங்கேற்பு’ என்று போட்டிருக்கிறது.

செப்டம்பர் 4, புதன்

காலையில் சேதுராக்கு அக்கா வீட்டுக்கு வந்தார். வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார். நிலத்தைத் திரும்ப எடுக்கப் போவதாக அறிவிப்பு, ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் மனு. கிழக்கில் பலர் மனுவே போடவில்லையாம். பூவலிங்கம் சோலார் வேலிக்குக் காவலாள் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். ஜெயக்கொடி காபி கொடுத்தாள், பிறகு உள்ளே போய் வெளியே வரவில்லை.

நான் ஏதாவது சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் சொன்னார்.

“அன்னைக்கி ஆரு எடுத்ததுன்னு நான் ஒங்கிட்டக் கேக்க வரல தம்பி. அதக் கேட்டு எனக்கு என்னாகப் போகுது. இப்பத் தோண்டிப் பாத்தேல்ல, அத மட்டும் எழுதிக் குடு.”

அவருக்குத் தெரியும். ஜூன் மாதமே தெரியும். தெரிந்துதான் கூட்டத்தில் என்னைப் பார்க்காமல் பேசியிருக்கிறார். நானாக எழுந்திருப்பேன் என்று விட்டிருக்கிறார்.

மனு எழுதிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக ஒன்றும் எழுதியதில்லை. மறுபடி மாதிரி எடுங்கள் என்று மூன்று இடத்தில் கேட்டேன். ஆய்வுக்கூடத் தாளை மட்டும் இணைக்கவில்லை. அதில் மாதிரி கொடுத்தவர் என்று என் பெயர் இருக்கிறது. அவர் கையெழுத்துப் போட்டு, வாங்கி, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

செப்டம்பர் 18, புதன்

எந்த மனுவும் சம்பந்தப்பட்டவரின் அறிக்கைக்கு என்று இறங்கி இறங்கி வரும். சேதுராக்கு அக்காவின் மனு மூன்று மேசை இறங்கி இன்று என் மேசைக்கு வந்தது. தாழங்காணி இப்போது நிரந்தரமாக என் வட்டாரம். என் கையெழுத்தில் இருக்கிற மனுவுக்கு நான் பதில் எழுத வேண்டும்.

அருள்தாஸ் சார் பழைய பதிவேட்டையும் சேர்த்து அனுப்பியிருந்தார். பக்கம் தேட வேண்டாம் என்று காகிதம் செருகியிருந்தார்.

செப்டம்பர் 24, செவ்வாய்

ஆறு நாள் மேசையில் வைத்திருந்தேன். மறு மாதிரி தேவை என்று எழுதினால், முந்தையது ஏன் தப்பு என்று கேட்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதுதான். ஆனால் சோற்றைப் பிசைகிறவன் நான் ஒருவன்தான்.

எழுதிவிட்டேன். ‘மனுதாரரின் நிலம் நேரில் ஆய்வு செய்யப்பட்டது. ஏற்கெனவே எடுக்கப்பட்ட மாதிரியின் முடிவில் மாற்றமில்லை. நிலம் பயிர் சாகுபடிக்கு உகந்ததல்ல. கோரிக்கை ஏற்கத்தக்கதல்ல.’ நேரில் ஆய்வு செய்தது உண்மை. கொப்புளம் ஆறின தடம் இன்னும் இருக்கிறது.

அக்டோபர் 21-ம் தேதி வேலிக்குழி தோண்ட இயந்திரங்கள் வரும் என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது.

அக்டோபர் 3, வியாழன்

பதில் சேதுராக்கு அக்காவுக்குத் தபாலில் போய்ச் சேர்ந்திருக்கிறது. பிரிக்காமல் எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டார். கையெழுத்துப் போட மட்டும்தான் அவருக்குத் தெரியும். பூவலிங்கம் படித்துச் சொன்னால் நம்ப மாட்டேன், மனு எழுதின நீயே படி என்றார்.

உறையைப் பிரித்தேன். என் வாக்கியங்களை டைப் அடித்து, மேலதிகாரி கையெழுத்துப் போட்டிருந்தார். நான்கே வரிகள். அக்கா என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். முந்தின நாள் இரண்டு உழவுக்குப் போதுமான மழை பெய்திருந்தது. கால் முழுதும் சேறு. நிலத்திலிருந்து அப்படியே வந்திருக்கிறார்.

பரிசீலனையில் இருக்கிறது என்று போட்டிருக்கிறது என்றேன்.

இதை எழுதும்போதும் நம்ப முடியவில்லை, ஆனால் அப்படித்தான் சொன்னேன். படிக்கிறவன்போல விரலை வரிமேல் ஓட்டிக்கொண்டே சொன்னேன். அவர் தாளை வாங்கி, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

“அப்ப நெல்ல வெதச்சிரலாமாப்பா? ஈரம் போயிருச்சுன்னா அப்புறம் ஒண்ணும் ஆகாது.”

“வெதைங்கக்கா,” என்றேன்.

நிலைப்படியில் நின்று ஜெயக்கொடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் தெருத் திரும்பியதும் உள்ளே போய்விட்டாள்.

அக்டோபர் 14, திங்கள்

நல்ல மழை. மொட்டைமாடித் துணிகள் எல்லாம் நனைந்துவிட்டன. தாழங்காணிப் பக்கம் இந்த வருடம் முளைப்பு ரொம்ப நன்றாக இருக்கிறது, கிழக்கே ஒரே ஒரு கொல்லை மட்டும் பச்சைப்பசேல் என்று நிற்கிறது என்று பஸ்ஸில் ஒருவர் சொல்லிக்கொண்டு வந்தார்.

இருபத்தோராம் தேதி உறுதியாகிவிட்டது. இயந்திரங்களோடு என்னைப் போகச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு நிலமாக இறங்கி மாதிரி எடுத்தவன் என்பதால் எல்லை எனக்குத்தான் சரியாகத் தெரியுமாம்.